மருந்தடிப்போரின் வெள்ளையுடை



நம் தோட்டப் புறங்களிலே வழங்கும் சொற்களுள் ஒன்று எனக்கு எப்போதும் வியப்பை அளிப்பதுண்டு. புல்லைக் கருக்கும் நஞ்சு, பூச்சியைக் கொல்லும் நஞ்சு, பூஞ்சணத்தை அழிக்கும் நஞ்சு ஆகிய எல்லாவற்றையும் நாம் 'மருந்து' என்ற ஒரே பெயரால் அழைத்து வருகிறோம். காலையிலே பெரட்டுக்களத்தில் நின்று, "இன்றைக்கு மேல்மலைக்கு மருந்தடிப்பு" என்று கங்காணி கூறினால், அது வைத்தியசாலை மருந்து அன்று என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், அந்தச் சொல்லில் உள்ள இனிமை நம் எச்சரிக்கையைச் சற்றே மழுங்கச் செய்து விடுகிறது. போத்தலின் மேல் 'நஞ்சு' என்று அச்சிட்டிருக்கிறது. வாயிலோ 'மருந்து' என்று வருகிறது. இன்றைய பேச்சிலே நானும் வழக்கத்தை ஒட்டி 'மருந்து' என்றே சொல்லப் போகிறேன். கேட்கும் நீங்கள் போத்தலின் சொல்லை நினைவிற் கொள்ளுங்கள்.

சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளையும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டைப் பகுதிகளையும் அறிந்தவர்கள் அங்குள்ள மழையையும் அறிவார்கள். இரத்தினபுரியிலே ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மழை மிகுந்த இடத்திலே கொழுந்து மட்டுமா தழைக்கும்? புல்லும் தழைக்கும். கையாற் புல் வெட்டுவதற்கு ஆள் குறையக் குறைய, அந்த வேலையைத் தெளிகருவி எடுத்துக்கொண்டது. இறப்பர் மரங்களிலும், 2019ஆம் ஆண்டு முதல் இலையுதிர்வை உண்டாக்கும் ஒரு புதிய பூஞ்சண நோய் நம் நாட்டிலே பரவியபின், பூஞ்சணக்கொல்லி தெளிக்கும் வேலை கூடியது. மருந்துகளின் பெயர்கள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. பராகுவாட் 2008ஆம் ஆண்டுக்குப் பின் படிப்படியாக நீக்கப்பட்டது; கிளைபோசேட் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பெயர் எதுவாயினும், கருவியை முதுகிலே சுமந்து மலையேறுகிறவர் நம்மவரே.

அவருக்குத்தான் இப்பொழுது தலை முதற் கணுக்கால் வரை மூடும் வெள்ளை ஓவரோல் வந்திருக்கிறது. காகிதம் போலத் தோன்றும், கையில் எடுத்தால் சரசரக்கும், கனமே இல்லை. ஒருமுறை அணிந்து, வேலை முடிந்ததும் எறிந்துவிட வேண்டியது அது. இந்த 'எறிந்துவிட வேண்டும்' என்ற இடத்திலேதான் நம் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

கேகாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே நான் கண்ட காட்சியைச் சொல்லுகிறேன். லயத்துக்கு முன்னாற் கட்டிய கொடியிலே, இரண்டு பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சீருடைகளும், அவற்றுக்கு நடுவிலே வெள்ளை ஓவரோல் ஒன்றும் காய்ந்து கொண்டிருந்தன. மூன்றும் ஒரே வாளியிலே ஊறி, பீலியடியில் ஒரே கல்லிலே அடித்துத் துவைக்கப்பட்டவை. அந்த அம்மாவிடம் விசாரித்தேன். "நல்ல துணி ஐயா, கிழியவே இல்லை, எறிய மனம் வருமா?" என்றார். அவரைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை. கிழிந்த சாக்கையும் படங்காக இடுப்பிலே கட்டிக்கொண்டு கொழுந்தெடுத்துப் பழகிய கை அது. நல்லதாகத் தோன்றும் ஒன்றை ஒருநாள் உடுத்து எறிவது அந்தக் கைக்குப் பாவமாகத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன? ஆயினும் அந்தக் கொடியிலே நடந்தது இன்னதென்று விளக்க வேண்டியது நம் கடமையாகும்.

முதலில் அந்தத் துணி யாது என்று பார்ப்போம். அது நெய்த துணியன்று. பஞ்சு நூலோ கம்பளி நூலோ அதில் இல்லை. பொலித்தீன், பொலிபுரொப்பிலீன் முதலிய பிளாஸ்திக் வகைகளை மிக மெல்லிய இழைகளாக இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு, சூட்டினால் ஒட்ட வைத்த தாள் அது. அமெரிக்காவிலே டூபொன்ட் என்னும் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1955ஆம் ஆண்டு ஒரு குழாயிலிருந்து வெண்மையான பஞ்சு போன்ற பொருள் வெளிவருவதை ஆராய்ச்சியாளர் ஒருவர் தற்செயலாகக் கண்டார். அதிலிருந்து வளர்ந்ததே இன்று டைவெக் என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படும் தாள். அதன் வணிக உற்பத்தி 1967இல் தொடங்கிற்று. இப்பொழுது பல நாடுகளிலே பல வகைகள் செய்யப்படுகின்றன. சிலவற்றில் மூன்று அடுக்குகள் இருக்கும். வெளி அடுக்கு இரண்டும் உறுதிக்கு, நடுவிலுள்ள மிக நுண்ணிய அடுக்கு வடிகட்டுவதற்கு. வேறு சிலவற்றிலே துணியின்மேல் மெல்லிய பிளாஸ்திக் தோல் ஒட்டியிருக்கும்.

பார்வைக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆற்றலோ வேறு வேறு. ஆகவே உடையைப் பார்க்குமுன் அதன் உறையைப் பார்க்க வேண்டும். அங்கே வகை எண் அச்சிட்டிருக்கும். ஐந்தாம் வகை தூசுக்கு. ஆறாம் வகை இலேசான தூறலுக்கும் சிறு தெறிப்புக்கும். நான்காம் வகை உடலை நனைக்கும் தெளிப்புக்கு. மூன்றாம் வகை பீறிட்டுப் பாயும் திரவத்துக்கு. எண் குறையக் குறையக் காப்பு மிகும். பயிர் மருந்து தெளிப்போருக்கென்றே வேறொரு சர்வதேச நியமமும் உண்டு. அதிலே சீ ஒன்று, சீ இரண்டு, சீ மூன்று என மூன்று படிகள். அங்கேயோ எண் கூடக் கூடக் காப்பு மிகும். இரண்டு நியமங்களையும் வகுத்தவர்கள் தம்முள் ஒருதரம் பேசிக்கொண்டிருந்தால் நமக்கு இந்தக் குழப்பம் நேர்ந்திராது. எப்படியாயினும், தூசுக்கென்று செய்த உடையை அணிந்து, ஈரம் சொட்டும் தேயிலைச் செடிகளுக்கிடையே இறங்குகிறவர், தாம் காக்கப்பட்டிருப்பதாக எண்ணி ஏமாறுகிறார். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்திலே சுகாதார ஊழியர் அணிந்த வெள்ளையுடைகளும் இவ்வாறே. கிருமிக்கென்று செய்த உடை, எண்ணெய் கலந்த கரைப்பானையும் தடுக்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை.

"சட்டையின் மேல் நாலு துளி பட்டால் என்ன?" என்று கேட்பவர் உண்டு. எங்கே படுகிறது என்பதைப் பொறுத்தது அது. தோல் உடம்பு முழுவதும் ஒரே கதவு அன்று. சில இடங்களிலே இறுக மூடியும், சில இடங்களிலே பாதி திறந்தும் இருக்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவ அறிஞரான மேபாக் என்பவரும் அவர்தம் துணைவரும் பரதியோன் என்னும் பூச்சிகொல்லியை வைத்து இதனை அளந்து, 1971ஆம் ஆண்டிலே வெளியிட்டார்கள். முன்கைத் தோலினூடாக உட்செல்லும் அளவை 1 என்று கொண்டால், உள்ளங்கையில் அது 1.3, வயிற்றிலே 2.1, உச்சந்தலையிலே 3.7, நெற்றியிலே 4.2; ஆண்களின் விதைப்பையிலே 11.8. இந்தக் கடைசி எண்ணை மருந்தடிக்கும் ஆண்கள் மறக்கலாகாது. ஓவரோல் பெரும்பாலும் கிழிவதும் அவ்விடத்திலேதான். சிறிய அளவை இழுத்து மாட்டிக்கொண்டு, படி படியாக வெட்டிய மலையிலே காலை உயர்த்தி வைத்தால், கவட்டுத் தையல் பிளந்து விடும். ஆகவே உடையை மாட்டியதும் ஒருதரம் குந்தி எழுந்து, இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திப் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது. மிகப் பெரிதாயிருந்து கால்களில் தொளதொளத்தாலும் ஆகாது. தேயிலைக் கவ்வாத்துக் குச்சிகள் அதைப் பிடித்துக் கிழித்து விடும்.

அணியும் முறையிலே இரண்டொரு நுட்பங்கள் உண்டு. உள்ளே வெறும் உடம்பாக இராமல், வியர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்திச் சட்டையும் காற்சட்டையும் அணிக. ஓவரோலின் காற்பகுதி சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும். உள்ளே திணித்தால், துணியில் வடியும் மருந்து அப்படியே சப்பாத்துக்குள் இறங்கிப் பாதத்தை ஊறவைக்கும். நம் பக்கத்து அட்டைகளுக்குப் பயந்து எல்லாவற்றையும் சப்பாத்துக்குள்ளே திணிப்பது வழக்கமாகி விட்டது. உள் காற்சட்டையை மேசோட்டுக்குள் திணியுங்கள். அட்டைக்கு அது போதும். ஓவரோல் வெளியே இருக்கட்டும். கையுறைக்கும் இதே நியாயந்தான், ஆனால் வேலையைப் பார்த்து மாற வேண்டும். தேயிலையில் நிலத்தை நோக்கிப் புல்லுக்கு அடிக்கும்போது கை தாழ்ந்திருக்கும். ஆகவே ஓவரோலின் கை, கையுறையின் மேல் விழ வேண்டும். இறப்பர் இலைகளை நோக்கி மேலே அடிக்கும்போது கை உயர்ந்திருக்கும். அப்போது கையுறை ஓவரோலின் கையின் மேல் ஏறி நிற்க வேண்டும். மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்று கூரை வேய்கிறவர் யோசிப்பது போன்ற யோசனைதான் இது.

மருந்தைக் கலக்கும் வேளை தெளிக்கும் வேளையை விட ஆபத்தானது. தண்ணீர் சேராத மூல மருந்து ஒரு துளியாயினும், தெளிக்கும் கலவையின் பல துளிகளுக்குச் சமம். ஒருமுறை ஓவரோல் மட்டும் அதற்குப் போதாது. அதற்கு மேலே நீர் புகாத முன்னாடை, தடித்த நைத்திரைல் கையுறை, முகத்தை மூடும் கண்ணாடித் தகடு ஆகியவையும் வேண்டும். முதுகுத் தாங்கியின் மூடியிலே வளையம் தேய்ந்து மருந்து ஒழுகினால், அதை மாற்றுவதே வழி. நாள் முழுவதும் முதுகிலே ஒழுகும் தாங்கியை எந்த ஓவரோலும் ஈடு செய்யாது.

இனி, வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் நம்மவர் இந்த உடையைப் பாதியிற் கழற்றி எறிவதற்கு உண்மையான காரணம் அதுதான். சோம்பலன்று, அறியாமையுமன்று. இரத்தினபுரியின் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். சாதாரணச் சட்டையிலேயே வியர்வை உலர மறுக்கும் அவ்விடத்தில், பிளாஸ்திக் தாளுக்குள்ளே அது எப்படி உலரும்? மேற்கு ஆப்பிரிக்காவிலே 2014ஆம் ஆண்டு எபோலா நோய் பரவியபோது, இத்தகைய முழுவுடை அணிந்து நோயாளரைக் கவனித்த மருத்துவர்கள் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமே உள்ளே நின்றார்கள். அதற்கு மேல் நின்றால் மயக்கமும் தவறும் நேரும் என்பது அவர்கள் கண்ட பாடம். அவர்கள் மலை ஏறவில்லை. முதுகிலே தாங்கியும் சுமக்கவில்லை. நம் தொழிலாளர் நிறைந்த தாங்கியைச் சுமந்து சரிவிலே ஏறுகிறார். ஆகவே வேலையை விடியற்காலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிப்பதே தக்கது. இடையிடையே மருந்து படாத நிழலிலே, கையுறையைக் கழுவிக் கழற்றி, தலைமூடியைத் தள்ளி, தண்ணீர் குடித்து ஆற வேண்டும். தலைவலி, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியன தோன்றினால் உடனே உடையைக் கழற்றிக் குளிர்விக்க வேண்டும். இவை வெப்பத்தாலும் வரும், மருந்தாலும் வரும். எதனால் என்று அவ்விடத்திலேயே ஆராய்ந்து கொண்டிருத்தல் கூடாது.

இந்த இடத்திலே, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டுள்ள பீடைகொல்லி நடத்தைக் கோவையை நினைவூட்ட விரும்புகிறேன். 1985இல் முதன்முதலாக ஏற்கப்பட்டுப் பின்னர்த் திருத்தப்பட்ட அக்கோவை கூறுவதன் கருத்து இது: அணிவதற்கு வருத்தமானதும், விலை மிக்கதும், எளிதிற் கிடைக்காததுமான காப்புடை தேவைப்படும் மருந்துகளை, சிறப்பாக வெப்ப நாடுகளின் சிறு பயிர்ச்செய்கையாளரும் பண்ணைத் தொழிலாளரும் கையாளும் நிலையில், தவிர்த்தல் வேண்டும். தோட்டத்துக்கு மருந்து வாங்குகிறவர் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. குறைந்த நஞ்சுள்ள மருந்து ஒன்று அதே வேலையைச் செய்யுமானால், அதற்கு நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் போதும் என்று சீட்டிலே எழுதியிருக்குமானால், வெள்ளையுடையின் வேதனையே மிச்சமாகும். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பெறும் மருந்துகளின் சீட்டுகள் தமிழிலும் அச்சிடப்பெறுகின்றன. அச்சு சிறியது என்பது உண்மையே. வீட்டிலே பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லலாம். போத்தலை வீட்டுக்குக் கொண்டு போகாமல், சீட்டின் படியைக் கொண்டு போங்கள்.

உடை அணிந்திருக்கும் பொழுது செய்யத்தகாத சிறு செயல்களும் உள. மடியிலுள்ள வெற்றிலையை எடுக்க ஓவரோலின் பல்லிணைப்பைத் திறந்து கையை நுழைத்தால், கையுறையிலுள்ள மருந்து வயிற்றுக்கும் வாய்க்கும் போய்ச் சேரும். வெற்றிலை வேலைக்குப் பின் ஆகட்டும். சிறுநீர் கழிக்கச் செல்லுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பின்பு கழுவுவது மட்டும் போதாது. 11.8 என்ற எண்ணை ஏன் நினைவில் வைக்கச் சொன்னேன் என்பது இப்போது விளங்கும். பீடி பற்ற வைத்தலும் ஆகாது. பொலித்தீன் 135 பாகைச் சூட்டின் அளவிலேயே உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் பொருள்.

கழற்றுவது அணிவதிலும் கடினம். வேலை முழுவதும் வெளிப்புறத்திலே தங்கிய நஞ்சு, கழற்றும் அந்த ஐந்து நிமிடத்திலேதான் உள்ளே வரப் பார்க்கிறது. முதலிலே, உடை அணிந்தபடியே கையுறைகளையும் சப்பாத்துகளையும் சவர்க்கார நீராற் கழுவுக. பின்பு பல்லிணைப்பைத் திறந்து, தலைமூடியை வெளிப்புறமாகச் சுருட்டிப் பின்னுக்குத் தள்ளுக. தோளிலிருந்து உடையை உட்புறம் வெளியே வரும்படி உரித்து, கைகளை விடுவித்து, கீழ்நோக்கிச் சுருட்டிக்கொண்டே போய்ச் சப்பாத்தோடு சேர்த்துக் கால்களை வெளியே எடுக்க வேண்டும். வாழைப்பழத் தோலை உரிப்பது போல என்று சொல்லலாம். உரித்த பின் வெளிப்புறம் முழுவதும் உள்ளே சுருண்டு அடங்கியிருக்கும். கண்ணாடியும் முகமூடியும் அதன்பின். கையுறையை மறுபடி கழுவி, அதைக் கடைசியாகக் கழற்றுக. ஒருவர் கழற்ற மற்றவர் பார்த்து நின்று சொல்லிக் கொடுத்தால் தவறு குறையும். இதற்கு ஓர் இடம் வேண்டும்; நீர்க்குழாயும் வேண்டும். மருந்து ஸ்டோருக்கு அருகிலேயே இவை இருந்தால்தான் தொழிலாளர் உடம்பைக் கழுவி, உடைமாற்றி வீடு போக முடியும். இல்லையேல் அவர் அப்படியே லயத்துக்கு வருவார். சின்னப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும்.

இப்பொழுது அந்தக் கொடிக்குத் திரும்புவோம். ஒருமுறை ஓவரோலைத் துவைத்தால் அழுக்கு போகும். மருந்து முழுவதும் போகாது. இழைகளுக்கிடையே அது தங்கியிருக்கும். சவர்க்காரமோ, திரவத்தை ஒட்டவிடாமல் உருட்டித் தள்ளும் மேற்பூச்சைக் கரைத்து விடும். கல்லில் அடித்தால் நுண்ணிய நடு அடுக்கு சிதையும். வெயிலிலே காய்ந்தால் பொலிபுரொப்பிலீன் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறும். கண்ணுக்கு அது முன்னிலும் வெண்மையாய்த் தோன்றும். காப்போ அதில் இராது. அத்துடன் அந்த வாளித் தண்ணீரிலே பிள்ளைகளின் சீருடையும் நனைந்தது என்பதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ச் சீருடைகள் இரண்டையும் எடுத்து, தனியாகப் புதுத் தண்ணீரிலே திரும்பவும் அலசினார். பிறகு கேட்டார்: "அப்படியென்றால் நாளைக்கு அவருக்கு வேறு கொடுப்பார்களா?"

அது நியாயமான கேள்வி. எறிந்துவிட வேண்டிய உடையை வாரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டுக் கொடுத்தால், தொழிலாளர் அதைத் துவைக்காமல் என்ன செய்வார்? தூசு மட்டும் படும் வேலைகளில், கிழியாமலும் மாசுபடாமலும் இருக்கும் உடையை மறுபடி அணியலாம் என்று சில தயாரிப்பாளர் எழுதியிருப்பதுண்டு. மருந்து பட்ட உடைக்கு அந்தச் சலுகை இல்லை. மருந்தடிக்கும் நாளுக்கு நாள் புதிய உடை தர இயலாத தோட்டம், ஒருமுறை ஓவரோலை விட்டு, துவைக்கத்தக்க தடித்த பருத்தி ஓவரோலைத் தெரிந்து, அதைத் தோட்டத்திலேயே தனித்தொட்டியிலே துவைப்பிக்க ஏற்பாடு செய்வது மேலானது. அதற்கு ஏற்ற குறைந்த நஞ்சுள்ள மருந்தையே அப்போது வாங்கவும் வேண்டும். அரைகுறைக் காப்பைக் கொடுத்து வீட்டுக்கு நஞ்சை அனுப்புவது இரண்டிலும் சேராது.

புதிய உடைகளை உறையோடு, வெயில் படாத உலர்ந்த அலுமாரியிலே, மருந்துப் போத்தல்களுக்கு அப்பால் வைக்க வேண்டும். நம் ஈரக் காற்றிலே பூஞ்சணம் பிடித்த உடையும், மடிப்பிலே வெடித்த உடையும் பயன்படா. பழைய உடைகளைத் தடித்த பையிலிட்டுக் கட்டி ஸ்டோர்க் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுப்பிலோ குப்பைக் குழியிலோ எரித்தால் பிளாஸ்திக்கின் புகையும் மருந்தின் புகையும் சேர்ந்து லயத்தைச் சூழும். ஓடைக் கரையிலே புதைத்தால் அடுத்த மழை அதைக் கிளறி, பீலிக்கே கொண்டு வரும். இத்தகைய கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி பெற்றவர்கள் உண்டு. சீமெந்துச் சூளையின் மிகுந்த வெப்பத்திலே எரிக்கும் வசதியும் நம் நாட்டிலே புத்தளத்தில் இருக்கிறது. பைகளைச் சேர்த்து அனுப்புவது தோட்ட நிருவாகத்தின் வேலை, தொழிலாளரின் வேலையன்று.

இத்தனைக்கும் மேலாக ஒருவருக்கு மருந்து பட்டுவிட்டால், உடையைக் கழற்றி, பட்ட இடத்தை ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவுக. கண்ணிலே பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவுக. உதவி செய்பவரும் கையுறை அணிந்தே தொட வேண்டும். கண்மணி சுருங்குதல், எச்சில் ஒழுகுதல், தசை துடித்தல், மூச்சு முட்டுதல் ஆகிய குறிகள் கண்டால் 1990 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அறிவித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவமனையிலே மருத்துவர் முதலிற் கேட்பது, "எந்த மருந்து?" என்பதே. பதில் தெரியாமல் நின்றால் நேரம் வீணாகும். ஆகவே அன்றைக்கு அடித்த மருந்தின் சீட்டை, அல்லது அதன் பெயர் எழுதிய துண்டை, நோயாளியோடு கூடவே அனுப்பி வையுங்கள்.